நியர் மிஸ் ஃபார்ம் எழுதுகிறோம், வார்டில் ஒன்றும் மாறவில்லை. எங்கே கோளாறு?

கேள்வி: வார்டு_இன்சார்ஜ்

வணக்கம். 30 படுக்கை கொண்ட பொது மருத்துவ வார்டு. மாதத்துக்கு நான்கைந்து நியர் மிஸ் (தவறு நடக்கப் பார்த்துத் தப்பியது) ஃபார்ம் வருகிறது. எதைப் புரட்டினாலும் கடைசிக் கட்டத்தில் ஒரே வரிதான்: "சம்பந்தப்பட்ட ஸ்டாஃப் கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டார்." அடுத்த மாதம் அதே தவறு வேறொருவர் கையில் நடக்கப் பார்க்கிறது.

குழப்பம் மூன்று இடத்தில். எது நியர் மிஸ், எது மருந்துப் பிழை என்பதிலேயே ஸ்டாஃபுக்குள் ஒத்த கருத்து இல்லை. "நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்படியானால் நியர் மிஸ்தானே" என்கிறார்கள். அடுத்து, ஃபார்ம் வந்த பிறகு டூட்டி மாறும் அவசரத்தில் அதை எப்படிப் பேசுவது, யார் பேசுவது? கடைசியாக, எண்ணிக்கை குறைந்தால் குவாலிட்டி பிரிவில் கேள்வி, கூடினால் "உங்கள் வார்டில் மட்டும் ஏன் இவ்வளவு" என்று மேலே கேள்வி. இதை எப்படிச் சமாளிப்பது?

பொதுவான அறிவுரை வேண்டாம். நாளை காலை வார்டில் செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

---

பதில் 1: தரப்பிரிவு_நர்ஸ்

முதலில் எல்லைக்கோடு. மருந்து விஷயத்தில், மருந்துப் பிழைகளை வகைப்படுத்தும் அமெரிக்க அமைப்பான என்சிசி மெர்ப்பின் அட்டவணையைப் பிடித்துக்கொண்டால் வாக்குவாதம் குறையும். ஏ முதல் ஐ வரை 9 படிகள். ஏ என்றால் பிழை இன்னும் நடக்கவில்லை, நடக்க வழி திறந்திருக்கிறது. பி என்றால் பிழை நடந்தது, நோயாளியைத் தொடவில்லை. சி என்றால் நோயாளியைத் தொட்டது, தீங்கு இல்லை. டி-யிலிருந்து கண்காணிப்பு, தீங்கு என்று ஏறி, ஐ மரணம்.

நியர் மிஸ் என்பது பி. 14-ஆம் படுக்கைக்கான செஃப்ட்ரியாக்ஸோன் ஆன்டிபயாடிக்கை 15-ஆம் படுக்கைக்காரரின் வென்ஃப்ளானில் (கையில் போட்டிருக்கும் ஊசிக் குழாய்) ஏற்றப்போகும் நொடியில், பெயர் எழுதிய கைப்பட்டையைப் பார்த்து நிறுத்தினால் பி. ஏற்றிய பிறகு தெரிந்து, அவருக்கு அலர்ஜியும் வரவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்றால் அது சி. அது பிழைதான், டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும், நோயாளியைக் கவனித்தாக வேண்டும். "ஒன்றும் ஆகவில்லை" என்பதை வைத்து நியர் மிஸ் என்று முடிவு செய்யக் கூடாது. "போய்ச் சேர்ந்ததா, இல்லையா" என்பதுதான் கோடு.

ஏ வகையையும் எழுதச் சொல்லுங்கள். ஒரே டிரேயில் ஒரே உருவத்தில் இரண்டு பிளாஸ்டிக் ஆம்பியூல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், யாரும் இன்னும் தவறவில்லை என்றாலும் அது எழுத வேண்டிய விஷயம். எழுதுபவருக்கும் பயமில்லை, ஏனென்றால் அதில் குற்றவாளி என்று யாருமே இல்லை. வறண்டுபோன வார்டில் ஃபார்ம் எழுதும் பழக்கத்தை இங்கிருந்துதான் துவக்க முடியும்.

இப்போது ஃபார்ம். பல இடங்களில் அது இரண்டு பக்கம்; நைட் டூட்டியில் யாரும் தொடமாட்டார்கள். அரைப் பக்கம் போதும். என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடக்க இருந்தது, எந்தக் கட்டத்தில் நின்றது, எது நிறுத்தியது. நான்காவது கேள்விதான் பெரும்பாலான ஃபார்மில் இல்லாதது. எல்லாரும் "ஏன் தவறியது" என்று தோண்டுகிறார்கள், "ஏன் தப்பியது" என்று கேட்பதில்லை.

அந்தப் பதிலை மூன்றாகப் பிரியுங்கள். ஏற்பாடு நிறுத்தியதா (கைப்பட்டை, பார்கோடு, பொருந்தாத இணைப்பு), ஆள் நிறுத்தினாரா (இன்னொரு நர்ஸுக்குச் சந்தேகம் வந்தது), இல்லை அதிர்ஷ்டமா? "இது எங்க அம்மா போடுற மாத்திரை கலர் இல்லையே சிஸ்டர்" என்று கூட இருந்த மகள் சொன்னதால் தப்பியது என்றால், அது அதிர்ஷ்டம். மகள் டீ குடிக்கப் போயிருந்தால் மாத்திரை உள்ளே போயிருக்கும். மருந்து வெறும் பாரசிட்டமாலாக இருந்தாலும், அதிர்ஷ்டம் காப்பாற்றிய ஃபார்மை மேலே வையுங்கள். அந்தப் பாதையில் தடுப்பே இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. நாளை அதே பாதையில் டிகாக்ஸின் போன்ற ஆபத்தான இதய மருந்து போகும்.

எழுதும் விதத்துக்கு ஒரு மாதிரி. "இன்சுலின் அளவு தவறாக எடுக்கப்பட்டது, கவனக்குறைவு" என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படி இருக்கட்டும்: "இரவு 9:40. ஆர்டர் கிளார்ஜின் 10 யூனிட். 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு எடுக்கப்பட்டது. ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் வார்டில் ஸ்டாக் இல்லை. சரிபார்க்க வந்த ஸ்டாஃப் மூடியின் நிறத்தைப் பார்த்து நிறுத்தினார்." இதில் யார் பெயரும் இல்லை, ஆனால் நாளை என்ன செய்ய வேண்டும் என்பது "ஸ்டாக் இல்லை" என்ற வாக்கியத்திலேயே இருக்கிறது.

---

பதில் 2: மருந்தறை

மேலே வந்த இன்சுலின் உதாரணத்தையே விரிக்கிறேன். நம் நாட்டில் இதன் ஆபத்து தனி ரகம். ஒரே வார்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள வயலும் இருக்கும், 100 யூனிட் உள்ள வயலும் கார்ட்ரிட்ஜும் இருக்கும். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு.

100 யூனிட் வயலைச் சிவப்பு மூடியில் 10 கோடு எடுத்தால் கையில் இருப்பது 0.25 மில்லி, அதாவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. மாறாக 40 யூனிட் வயலை ஆரஞ்சு மூடியில் 10 கோடு எடுத்தால் 0.1 மில்லி, வெறும் 4 யூனிட். முதலாவது தாழ்சர்க்கரையாக அன்றைக்கே வெளியே தெரியும். இரண்டாவது, "சுகர் இறங்கவே மாட்டேங்குது" என்று அடுத்த ரவுண்டில் டோஸைக் கூட்டுவதில் முடியும். பிறகு சரியான சிரிஞ்சோடு வேறொரு ஸ்டாஃப் வரும் நாளில்தான் நோயாளி விழுவார். அந்தப் பழி அன்று சரியாகச் செய்தவர் தலையில்.

இதற்குப் பயிற்சி வகுப்பு மருந்தல்ல. கோளாறு பெரும்பாலும் இண்டென்ட்டில் (ஸ்டோரிலிருந்து பொருள் கேட்கும் சீட்டு) இருக்கிறது. ஸ்டோரில் இரண்டு சிரிஞ்சும் "இன்சுலின் சிரிஞ்ச்" என்ற ஒரே பெயரில் ஒரே கோட் எண்ணில் கிடக்கும். ஒன்று தீர்ந்தால் மற்றது வார்டுக்கு வரும். இரண்டுக்கும் தனித்தனிக் கோட் எண் போடச் சொல்லுங்கள். வார்டு ஸ்டாக்கில் ஒரே அடர்வை வைத்துக்கொண்டு, மற்றதை நோயாளி பெயரில் மட்டும், வயலும் அதற்குரிய சிரிஞ்சும் ஒரே ஜிப் கவரில் மருந்தறையிலிருந்து வரும்படி செய்தால் தேர்ந்தெடுக்கும் வேலையே வார்டில் இருக்காது. பேனா கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சைக் குத்தி எடுப்பதை அறவே நிறுத்த வேண்டும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் இதே கதை. 5 மில்லி வயல் இரண்டு உண்டு: மொத்தம் 5,000 யூனிட் கொண்டது, மொத்தம் 25,000 யூனிட் கொண்டது. அளவிலும் உருவத்திலும் கிட்டத்தட்ட ஒன்று. "5,000 போடு" என்றால் முதல் வயலில் முழுசும், இரண்டாவதில் 1 மில்லி. முழு வயலையும் எடுத்துப் பழகிய கையில் இரண்டாவது வயல் கிடைத்தால் ஐந்து மடங்கு. வார்டில் ஒரே ஒரு அடர்வு போதும்.

பொட்டாசியம் குளோரைடு 15 சதவீத ஆம்பியூல்: 10 மில்லியில் 20 மில்லிஈக்விவலன்ட். கரைக்காமல் நேராக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அடர்த்தியான எலக்ட்ரோலைட்டுகளைக் கட்டுப்பாட்டில் வைப்பது 2007-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 9 பாதுகாப்புத் தீர்வுகளில் ஒன்று. பொது வார்டின் டிராலியில் அதற்கு இடமில்லை. தேவைப்படும் ஐசியூவில் பூட்டிய தனிப் பெட்டியில் இருக்கட்டும். பலர் எழுதாமல் விடும் இன்னொரு ஆபத்து: தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலிலேயே பொட்டாசியத்தைச் செலுத்துவது. அது அடியில் தங்கி, முதலில் இறங்குவது அடர்த்தியான கரைசலாக இருக்கும். பாட்டிலைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, பலமுறை தலைகீழாகப் புரட்டி, லேபிள் ஒட்டிய பிறகே மாட்ட வேண்டும்.

---

பதில் 3: சந்தேகப்_பிராணி

மருந்தறை சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பெரும்பாலான கூட்டங்களில் கடைசியாக வந்து நிற்பது "இனிமேல் இரண்டு பேர் செக் பண்ணணும்" என்ற முடிவு. அதைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் நோயாளிப் பாதுகாப்பு மையம் திருத்த நடவடிக்கைகளை வலுவானது, நடுத்தரம், பலவீனமானது என்று மூன்று படியாக அடுக்கியது. தவறின் மூல காரணத்தை ஆராய்வதற்காக 2015-இல் வந்த ஆர்சிஏ ஸ்கொயர்டு வழிகாட்டியும் அதையே எடுத்துக்கொண்டது. அதில் பயிற்சி, சர்க்குலர், எச்சரிக்கை லேபிள் ஆகியவற்றோடு இரட்டைச் சரிபார்ப்பும் பலவீனமான படியில்தான் இருக்கிறது. ஒத்த உருவப் பொருளை அகற்றுவது, செக்லிஸ்ட், குறுக்கீட்டைக் குறைப்பது நடுத்தரம். தவறாகச் செய்யவே முடியாதபடி பொருளை மாற்றுவது, செயலை எளிதாக்குவது, உபகரணத்தை ஒரே மாதிரியாக்குவது வலுவானது. மூக்குக் குழாய் வழி உணவுக்கும் ரத்தக்குழாய் வழி மருந்துக்கும் ஒன்றோடொன்று பொருந்தாத இணைப்புகள் வந்திருப்பது இதற்கு நல்ல உதாரணம். எவ்வளவு தூக்கக் கலக்கத்திலும் மாற்றிச் செருக முடியாது. அது வாங்காத இடத்தில் குறைந்தபட்சம் வாய்வழி மருந்துக்கு வேறு நிற ஓரல் சிரிஞ்சாவது வேண்டும்.

இரட்டைச் சரிபார்ப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது தனித்தனியாக நடந்தால்தான் அதற்குப் பெயர் சரிபார்ப்பு. "10 யூனிட் எடுத்திருக்கேன், பாருங்க" என்று முதலாமவர் நீட்டினால் இரண்டாமவர் கண் 10-ஐத்தான் காணும். இரண்டாமவர் ஆர்டரைத் தானே படித்து, தானே கணக்குப் போட்டு, விடையைச் சொன்ன பிறகுதான் முதலாமவர் சிரிஞ்சைக் காட்ட வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். அதனால் பட்டியல் சின்னதாக இருக்கட்டும்: இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம், கீமோ, ரத்தம், எடை பார்த்துக் கொடுக்கும் குழந்தை டோஸ். எல்லா மருந்துக்கும் என்று போட்டால் அது டூட்டி முடிவில் வரிசையாகக் கையெழுத்துப் போடும் சடங்காகிவிடும்.

எண்ணிக்கைக் கேள்விக்கு வருகிறேன். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஎச் குறியீட்டில் வரும் நியர் மிஸ் விழுக்காடு, பதிவான மொத்தச் சம்பவங்களில் நியர் மிஸ் எத்தனை என்ற கணக்கு. அது உயர்ந்தால் நல்லது என்று பாராட்டுகிறார்கள். ஆனால் அது இரண்டு வழியில் உயரும். நியர் மிஸ் அதிகம் எழுதினாலும் உயரும். உண்மையான பிழைகளை மறைத்தாலும் உயரும். எனவே விழுக்காட்டை மட்டும் நீட்டாதீர்கள். பி எத்தனை, சி-யும் அதற்கு மேலும் எத்தனை, எத்தனை ஃபார்முக்குப் பொருளிலோ முறையிலோ மாற்றம் நடந்தது என்று மூன்று எண்ணையும் சேர்த்து மேலே அனுப்புங்கள். "ஏன் இவ்வளவு" என்ற கேள்விக்கு மூன்றாவது எண்தான் பதில்.

ஃபார்மின் கடைசிக் கட்டத்துக்கு ஒரு சின்ன வைத்தியம். "அறிவுறுத்தப்பட்டார்" என்ற சொல்லை அந்தக் கட்டத்தில் ஏற்கக் கூடாது என்று குவாலிட்டியோடு பேசி முடிவெடுங்கள். அதற்குப் பதிலாக மூன்று கட்டம்: என்ன மாற்றம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். முதல் மாதம் எல்லாரும் திணறுவார்கள். திணறட்டும்.

---

பதில் 4: நைட்டூட்டி

மேல எல்லாரும் ஆபிஸ் பக்கத்துல இருந்து சொல்லிட்டாங்க. நான் டிராலி பக்கத்துல இருந்து சொல்றேன் இன்சார்ஜ் சிஸ்டர்.

தனியா மீட்டிங் வைக்காதீங்க, யாரும் வர மாட்டாங்க. காலை டூட்டி மாறும்போது படுக்கை படுக்கையா ஹேண்ட்ஓவர் துவங்குறதுக்கு முன்னாடி, மருந்து டிராலியைச் சுத்தி நின்னபடியே 5 நிமிஷம். ஒரே ஒரு நியர் மிஸ். ரெண்டு எடுத்தா ஒண்ணும் மண்டைல நிக்காது. பேப்பரைப் படிக்காதீங்க, அந்த ரெண்டு ஆம்பியூலையோ ரெண்டு சிரிஞ்சையோ கையில குடுத்து, கொஞ்சம் தள்ளி நின்னு எது எதுன்னு கேளுங்க. பாதி பேர் தப்பாச் சொல்லுவாங்க. அதுக்கப்புறம் "கவனமா இருங்க"ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, "இதை டிராலியிலேர்ந்து எடுங்க"ன்னுதான் சொல்லுவாங்க. அதே விஷயத்தை மதியமும் ராத்திரியும் டூட்டி மாறுறப்போ திருப்பிச் சொல்லணும், இல்லேன்னா நைட் ஸ்டாஃபுக்குத் தெரியாமலே போயிடும்.

பேசறவங்க இன்சார்ஜா இருக்க வேண்டாம். சீனியர் ஸ்டாஃப் ஒருத்தர் பேசட்டும், வாராவாரம் ஆள் மாறட்டும். எழுதினவங்க பேர் வரக் கூடாது. அவங்களா "நான்தான்"ன்னு சொன்னா அது அவங்க விருப்பம். விமானத் துறையில 1976-லேர்ந்து நாசா நடத்துற ரிப்போர்ட் முறையில எழுதினவர் பேர் இருக்கிற துண்டைக் கிழிச்சு அவருக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. நம்ம ஃபார்ம்லயும் கீழ ஒரு துண்டு விட்டு அதே மாதிரி செய்யலாம், செலவே கிடையாது.

மெமோ பயம்தான் எல்லாத்துக்கும் மேல. ஒரே ஒரு மெமோ போதும், ஆறு மாசத்துக்கு வார்டே வாயைத் திறக்காது. மெமோ குடுக்கணுமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்க: அதே அனுபவம் உள்ள இன்னொரு ஸ்டாஃபை அதே ராத்திரி, அதே 15 நோயாளியோட, அதே டிராலி முன்னாடி நிறுத்தினா அவங்களும் இப்படித் தவறியிருக்க வாய்ப்பு உண்டா? உண்டுன்னா தவறு ஆள்ல இல்ல. குறுக்கு வழி எல்லாருக்கும் பழக்கமாயிருந்தா, ஏன் அந்த வழி சுலபமா இருக்குன்னு பாக்கணும். தெரிஞ்சே ஆபத்தை அலட்சியம் பண்ணினாதான் நடவடிக்கை. அது அபூர்வம்.

ஃபார்ம் குடுத்தவங்களுக்கு ரெண்டு நாளைக்குள்ள ஒரு பதில் போகணும். "பார்த்தோம், சிரிஞ்ச் கோட் நம்பரை மாத்தச் சொல்லியிருக்கோம்"னு ஒரு வரி. மூணு ஃபார்ம் பதில் இல்லாமக் கிணத்துல போட்ட கல்லாக் கிடந்தா நாலாவது ஃபார்ம் வராது.

அப்புறம் வாட்ஸ்அப். டிரக் சார்ட்டை அப்படியே போட்டோ எடுத்து குரூப்ல போட்டு "இதைப் பாருங்க"ன்னு போடற பழக்கம் இருக்கு. நோயாளி பேர், நம்பர், டாக்டர் கையெழுத்து எல்லாம் அதுல போயிடும். வேண்டவே வேண்டாம்.

போன் ஆர்டர் ஒண்ணு விட்டுப்போச்சு. ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போன்ல ஒண்ணாதான் கேக்கும். திருப்பிச் சொல்லும்போது "ஒன் ஃபைவ்"னு இலக்கம் இலக்கமாச் சொல்லணும், எழுதிட்டுதான் படிச்சுக் காட்டணும். யூனிட்டுக்கு ஆங்கில 'யூ' எழுத்து மட்டும் போட்டா 4 யூனிட் 40 ஆகும். 5-க்குப் பின்னாடி புள்ளி வெச்சு பூஜ்யம் போட்டா 50 ஆகும். இது ரெண்டும் சார்ட்ல கண்ணுல பட்டாலே ஏ வகை ஃபார்ம் எழுதலாம்.

---

கேட்டவர்: வார்டு_இன்சார்ஜ்

எல்லாருக்கும் நன்றி. "எது நிறுத்தியது" என்ற கேள்வியை வைத்துப் பழைய ஃபார்ம்களைப் புரட்டினால், பெரும்பாலானவை நோயாளி அடையாளம் சம்பந்தப்பட்டவை. ஒரே வார்டில் இரண்டு செல்வி, மூன்று முருகேசன். கைப்பட்டை இருந்தும் பார்ப்பதில்லை. கிராஸ் மேட்ச் (ரத்தம் ஏற்றும் முன் செய்யும் பொருத்தப் பரிசோதனை) சாம்பிள் மாறப் பார்த்ததும் ஒன்று உண்டு. அதை பிளட் பேங்க் பிடித்திருக்கிறது. இதற்கு என்ன செய்வது?

---

பதில் 5: தரப்பிரிவு_நர்ஸ்

அந்தச் சாம்பிள் ஃபார்மை முதலில் எடுங்கள். பிளட் பேங்க் எப்படிப் பிடித்தது என்று பாருங்கள். பழைய பதிவில் பி பாசிட்டிவ், இப்போது வந்த குழாயில் ஓ பாசிட்டிவ் என்று முரண்பட்டிருக்கும். அப்படியானால் காப்பாற்றியது, அந்த நோயாளிக்கு முன்பு ஒருமுறை ரத்தம் ஏற்றியிருந்தது. முதல்முறை வருபவர் என்றால் ஒப்பிட ஒன்றுமே இருக்காது. இரண்டு பேருக்கும் தற்செயலாக ஒரே குரூப் என்றால், மாறியது யாருக்கும் தெரியவே வராது. பிரிட்டனில் 1996 முதல் இயங்கும் ஷாட் என்ற ரத்தக் கண்காணிப்புத் திட்டம், குழாயில் ஆள் மாறிய நியர் மிஸ்களைத் தனியாகவே கணக்கெடுக்கிறது. முதல்முறை வருபவருக்கு, அவசரம் தடுக்காவிட்டால், வேறு நேரத்தில் தனியாக எடுத்த இரண்டாவது சாம்பிளும் கேட்பது அங்கே வழக்கம். ஒரே குத்தில் இரண்டு குழாய் நிரப்பி, ஒன்றைப் பிறகு அனுப்பினால் அது இரண்டாவது சாம்பிள் ஆகாது. நம் ஊர்களிலும் இந்தக் குறுக்கு வழி வரும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சாம்பிள் மாறுவது பெரும்பாலும் குத்தும் இடத்தில் இல்லை, ஒட்டும் இடத்தில். நர்சிங் ஸ்டேஷனில் ஐந்து குழாய்க்கு முன்கூட்டியே லேபிள் ஒட்டி எடுத்துப் போவது ஒரு வழி. ஒட்டாத ஐந்து குழாயைக் கொண்டுவந்து மேசையில் ஒட்டுவது இன்னொரு வழி. இரண்டும் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு நோயாளி, படுக்கைப் பக்கத்திலேயே எடுத்து, கைப்பட்டையைப் பார்த்து அங்கேயே ஒட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். டிரேயில் பேனா இல்லை, லேபிள் பிரிண்டர் ஸ்டேஷனில் இருக்கிறது என்றால் எந்த சர்க்குலரும் இதை நடத்தாது.

பெயருக்கு வருவோம். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். சேர்க்கையில் இனிஷியல் முன்னால், ஆய்வகத்தில் பின்னால், கேஸ் ஷீட்டில் இல்லவே இல்லை என்று மூன்று விதமாக இருக்கும். எனவே பெயரோடு யூஹெச்ஐடி எண் (மருத்துவமனை ஒவ்வொரு நோயாளிக்கும் தரும் தனி எண்) கட்டாயம்; படுக்கை எண் அடையாளமே அல்ல. "நீங்க முருகேசன்தானே?" என்று கேட்கக் கூடாது. காது கேட்காதவரும் காய்ச்சல் மயக்கத்தில் இருப்பவரும் தலையாட்டிவிடுவார்கள். "உங்க பேர் என்ன, அப்பா பேர் என்ன?" என்று அவர் வாயால் சொல்ல வைத்து, கைப்பட்டையோடு ஒப்பிட வேண்டும். ஒரே பெயர்க்காரர்களை முடிந்தால் தள்ளித் தள்ளிப் படுக்க வையுங்கள். இரண்டு கேஸ் ஷீட்டிலும் "ஒரே பெயர்" என்ற ஸ்டிக்கர் இருக்கட்டும்.

கைப்பட்டையைப் பார்ப்பதில்லை என்கிறீர்களே, திட்டுவதற்கு முன் பட்டையையே பாருங்கள். வென்ஃப்ளான் போடுவதற்காக வெட்டி, திரும்ப மாட்டாமல் கட்டில் கம்பியில் கட்டியிருக்கும். குளித்து மை அழிந்திருக்கும். போர்வைக்குள் இருக்கும் கையில் இருக்கும். ஒரு நாள் காலை 30 படுக்கையையும் சுற்றி, படிக்கக்கூடிய பட்டை எத்தனை கையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். பட்டையை வெட்டியவரே அந்த இடத்திலேயே புதிதாக மாட்ட வேண்டும் என்ற ஒரே மாற்றத்தைச் செய்து, இரண்டு வாரம் கழித்து அதே 30-ஐ மறுபடி எண்ணுங்கள். எண் உயரவில்லை என்றால் மாற்றம் வேலை செய்யவில்லை. புதுப் பட்டை வார்டில் கிடைக்கிறதா, சேர்க்கை கவுண்டருக்கு ஆள் அனுப்பி வாங்க வேண்டியிருக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள்.